55,000 ரூபாயில் கேமிங் பிசி: லோ வோல்டேஜ் ஊருக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு?

வெண்ணாற்றங்கரை | நீடாமங்கலம் பக்கம் | 2025 பிப்ரவரி 9

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு நீடாமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். சம்பா அறுத்து மூட்டையெல்லாம் கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்று. பணம் அக்கவுண்டில் ஏறியதும் கம்ப்யூட்டருக்கு 55,000 வரை தருகிறேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் அறுவடை மிஷின் வாடகைக் கணக்கை எடுத்துப் போட்டுவிடுவார். அதனால் 55,000 என்றால் 55,000தான்.

மானிட்டர் வாங்க வேண்டாம். மாமா கொடுத்த 22 இன்ச் ஃபுல் எச்டி இருக்கிறது, 75 ஹெர்ட்ஸ். கீபோர்டு, மவுஸும் இருக்கின்றன.

விளையாடுவது வாலரண்ட், ஜிடிஏ 5, ஈஏ எஃப்சி. சைபர்பங்க் 2077-ஐ ஒரு தடவையாவது ஒழுங்காக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஊர்த் திருவிழாவுக்கு வீடியோ எடிட் செய்து கொடுப்பேன், அது வருடத்துக்கு ஒரு முறைதான்.

கார்டு விஷயத்தில்தான் தலை சுற்றுகிறது. பக்கத்து டவுனில் ஒரு கடையில் கேட்டேன். "ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, எல்லாம் சேர்த்து 28,000. மீதிக் காசில் வண்டிக்கு டயர் மாற்றிக்கொள் தம்பி" என்றார். துருவிக் கேட்டால் ஐ7 என்பது மூன்றாம் தலைமுறை, கார்டு ஜிடி 730. திருச்சியில் தெரிந்த பையன் ஒருவன் ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கார்டை 6,500-க்குத் தருகிறேன் என்கிறான், பில் இல்லை. புதிதாக என்றால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, ஆர்எக்ஸ் 6600 மூன்றும் லிஸ்டில் இருக்கின்றன. பிராசஸர் ரைசன் 5 5600ஜி அல்லது ஐ3 12100எஃப். சித்தப்பா துபாயில் இருக்கிறார், அங்கிருந்து கார்டை மட்டும் வாங்கி வரச் சொல்லலாமா என்றும் ஒரு யோசனை.

இன்னொரு விஷயம். சாயங்காலம் சுற்றுவட்டாரத்தில் மோட்டார் போட்டுவிட்டால் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரில் 170 காட்டும். டியூப்லைட் எரியலாமா வேண்டாமா என்று யோசிக்கும். நான் விளையாடுகிற நேரமும் அதேதான். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. இதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை 580 | திருச்சி | பிப்ரவரி 9

பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நான் 580 கட்சி. ப்ரோ, 6,500-க்கு 8 ஜிபி கார்டு வேறு எங்கே கிடைக்கும்? ஜிடிஏ 5-ஐ எல்லாம் ஹையில் தூக்கிப் போட்டு ஓட்டுகிறேன். சைபர்பங்கும் செட்டிங்ஸைக் குறைத்து, எஃப்எஸ்ஆர் (படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கி வேகத்தைக் கூட்டும் வசதி) போட்டால் விளையாடலாம். மிச்சமாகும் காசில் நல்ல பிராசஸர், ஒரு டிபி எஸ்எஸ்டி, நல்ல நாற்காலி கூட வாங்கலாம்.

ஒன்று மட்டும் கவனம். கார்டை வாங்கும் முன் யாருடைய சிஸ்டத்திலாவது மாட்டி, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். ஷேடர் (கார்டுக்குள் இருக்கும் குட்டிக் கணக்கு யூனிட்) எண்ணிக்கை 2304 என்று இருந்தால் அசல் 580. 2048 என்று காட்டினால் அது சட்டை மாற்றிய 570. ஓடும், ஆனால் 580 விலை கொடுக்காதீர்கள். அப்புறம் அரை மணி நேரம் ஏதாவது பெரிய கேமை ஓட்டிவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். திரையில் புள்ளி, கோடு வந்தால் பேரமே வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள்.

கும்மோணம் டவர் | கும்பகோணம் | பிப்ரவரி 10

தம்பி, நான் கம்ப்யூட்டர் பெட்டி கட்டுகிற ஆள். கும்பகோணத்தைச் சுற்றிப் பாபநாசம், வலங்கைமான், குடவாசல் வரைக்கும் நான் கட்டிய பெட்டிகள் ஓடுகின்றன. ரிப்பேருக்குத் திரும்பி வருகிற பெட்டிகளில் கார்டால் வந்தவை கொஞ்சம்தான். கரண்டால் வந்தவைதான் அதிகம். யூடியூபில் ஃப்ரேம் கணக்குப் போடுகிறவர்கள் 230 வோல்ட் ஒழுங்காக வருகிற அறையில் உட்கார்ந்து போடுகிறார்கள். உங்கள் வீட்டில் 170. அதனால் நான் வாட்டிலிருந்து ஆரம்பிப்பேன்.

முதலில் கடைக்காரர் சொன்ன ஜிடி 730-ஐத் தூக்கிப் போடுங்கள். அது 2014-இல் வந்த கார்டு. அந்தக் கெப்ளர் தலைமுறைக்கு 2021-லேயே என்விடியா புது கேம் டிரைவர் விடுவதை நிறுத்திவிட்டது. "4 ஜிபி" என்பது பெட்டி மேல் ஒட்டுகிற ஸ்டிக்கருக்குத்தான் ஆகும், அந்த 4 ஜிபியை நிரப்பி ஓட்டுகிற சக்தி அந்த சிப்புக்குக் கிடையாது. 5600ஜி-க்கு உள்ளேயே இருக்கிற கிராஃபிக்ஸ் அதைவிட வேகம். மூன்றாம் தலைமுறை ஐ7 என்பது 2012 சரக்கு.

580. மலைக்கோட்டை சொன்ன சோதனையெல்லாம் சரி, நானும் அப்படித்தான் பார்ப்பேன். ஆனால் அது 2017 கார்டு, 185 வாட் குடிக்கும். 2022 செப்டம்பரில் கிராஃபிக்ஸ் கார்டுகளை ஓட்டி எதீரியம் என்ற கிரிப்டோ காசு எடுக்கிற மைனிங் நின்றபோது மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்த கார்டுகளில் 580-உம் உண்டு. இரவு பகலாக ஓடியதா என்பதை விற்கிறவன் சொல்ல மாட்டான். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ரே டிரேசிங்குக்கான (ஒளியையும் நிழலையும் நிஜம் போலக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் அதில் இல்லை. போன டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு அது கட்டாயம், இல்லாவிட்டால் ஓடாது. இனி வருகிற பெரிய கேம்களும் அந்த வழியில் போனால் கையில் 580-ஐ வைத்துக்கொண்டு வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

6500 எக்ஸ்டி. இதை 5600ஜி-யுடன் சேர்த்துப் போட்டுத் தருகிற கடைகளைப் பார்த்திருக்கிறேன், எனக்குக் கோபம் வரும். அந்தக் கார்டு மதர்போர்டோடு பேசுவது நாலே நாலு லேனில், அதாவது டேட்டா பாதையில். அந்தப் பாதை பிசிஐஇ 4.0 வேகத்தில் இருந்தால் சமாளிக்கும். 5600ஜி 3.0-தான் கொடுக்கும், அதனால் பாதை பாதியாகிவிடும். கார்டிலும் 4 ஜிபிதான், அது நிரம்பியதும் கேம் திக்கித் திக்கி ஓடும். போதாததற்கு வீடியோ ரெக்கார்டு செய்கிற என்கோடரையே அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். திருவிழா வீடியோவுக்கும் ஆகாது.

மிச்சம் இரண்டு. 3050 6 ஜிபி 70 வாட். தனியாகப் பவர் கேபிள் வேண்டாம், மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். டிஎல்எஸ்எஸ் (எஃப்எஸ்ஆர் மாதிரி என்விடியாவின் வசதி) உண்டு, வீடியோ எடிட்டிங்குக்கும் நன்றாக இருக்கும். உங்கள் ஊர் கரண்டுக்குப் பார்த்தால் இதுதான் செல்லப்பிள்ளை. ஆனால் இதே பெயரில் 8 ஜிபி ஒன்று 2022-லிருந்து இருக்கிறது. 6 ஜிபி என்றால் மெமரி மட்டும் குறைந்தது என்று நினைக்கிறார்கள். கோர் 2560-இலிருந்து 2304, மெமரி பாதை 128 பிட்டிலிருந்து 96 பிட். வேகமே ஒரு படி கீழே. 8 ஜிபி 3050-க்குப் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு 6 ஜிபியை வாங்கிவிடாதீர்கள்.

6600 அந்த 8 ஜிபி 3050-ஐயே தாண்டிப் போகும். 132 வாட், ஒரே ஒரு 8 பின் கேபிள். ஃபுல் எச்டியில் சைபர்பங்கை மீடியமும் ஹையும் கலந்து, ரே டிரேசிங் இல்லாமல் 60 ஃப்ரேமை ஒட்டி ஓட்டலாம். இருபதாயிரத்தைச் சுற்றிக் கிடைக்கிறது. உங்கள் 55,000-க்குள் ஐ3 12100எஃப், 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி, இந்தக் கார்டு, கூட ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை) அடங்கும். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் அந்த "நல்ல எஸ்எம்பிஎஸ்" இல்லாவிட்டால் ஓட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது பக்கவாட்டு ஸ்டிக்கரில் இரண்டு இடத்தைப் படியுங்கள். ஒன்று, இன்புட். 200-240 வோல்ட் என்று போட்டிருந்தால் உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். 170 வந்தால் சிஸ்டம் பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும், நீங்கள் கார்டு போய்விட்டது என்று நினைத்து என்னைப் போன்றவனிடம் தூக்கி வருவீர்கள். 100-240 என்று போட்டது, ஆக்டிவ் பிஎஃப்சி (உள்ளே இழுக்கும் கரண்டைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ளது, 170-ஐ ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது. வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிராண்டு பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், ஒரே கம்பெனியிலேயே இரண்டு வகையும் உண்டு.

இரண்டாவது, 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கேபினட்டோடு இலவசமாக வருகிற "450 வாட்" எஸ்எம்பிஎஸ் ஒன்றை நேற்றுதான் கழற்றினேன். 12 வோல்ட்டில் 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். மற்றதெல்லாம் பெயிண்ட். 36 ஆம்பியருக்கு மேல் இருந்தால் 6600-க்குத் தாராளம். மோலெக்ஸ் என்ற பழைய நாலு பின் கேபிளிலிருந்து 8 பின்னுக்கு மாற்றுகிற கன்வெர்ட்டர் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள், அது உருகி வந்ததைக் கையில் வைத்திருக்கிறேன்.

அப்புறம் இன்வெர்ட்டர். பின்னால் யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ் மோடில் போட்டால் கரண்ட் போனதும் சிஸ்டம் அணையாமல் சட்டென்று மாறும். ஆனால் அந்த மோடில் வோல்டேஜ் 180-க்குக் கீழே போனாலே பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் பேட்டரிக்குத் தாவிவிடும். உங்கள் ஊரில் சாயங்காலம் முழுக்கப் பேட்டரியில்தான் ஓடும், ராத்திரி நிஜமாகவே கரண்ட் போகும்போது வீட்டில் ஃபேன் சுற்றாது. அம்மாவிடம் திட்டு வாங்குவது நீங்கள். ஆகவே இன்வெர்ட்டரை நார்மலில் விட்டுவிட்டு, சிஸ்டத்துக்குத் தனியாக ஒரு 600 விஏ யுபிஎஸ். 600 விஏ என்றால் 360 வாட்தான். 6600 போட்ட சிஸ்டம் மானிட்டரோடு சேர்ந்து கேம் ஓடும்போது முன்னூறுக்குள் நிற்கும். 580 போட்டால் விளிம்புக்கு வந்துவிடும், கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் கீ என்று கத்திவிட்டுப் படுத்துவிடும். நான் 580 வேண்டாம் என்பதற்கு நிஜமான காரணம் இதுதான்.

உங்கள் மானிட்டர் 75 ஹெர்ட்ஸ். டிரைவரில் ஃப்ரேமை 75-க்கு மேல் போகாமல் கட்டிவிடுங்கள். வாலரண்ட்டை முன்னூறு ஃப்ரேமில் ஓட்டினாலும் உங்கள் திரை 75-தான் காட்டும். கட்டிவிட்டால் கார்டு பாதி நேரம் ஓய்வாக இருக்கும், சூடும் குறையும்.

மலைக்கோட்டை 580 | திருச்சி | பிப்ரவரி 10

டவர் அண்ணே, யுபிஎஸ் கணக்கை நான் யோசிக்கவே இல்லை. டவுனுக்குள் இருப்பதால் இங்கே வோல்டேஜ் பிரச்சினை கிடையாது. ஆனாலும் பட்ஜெட் முப்பதாயிரம் என்று வருகிறவனுக்கு 580-தான் சாமி, அதை விட்டுத்தர மாட்டேன். இண்டெல் பி580-ஐயும் யாராவது சொல்வார்கள், 12 ஜிபி, நல்ல கார்டுதான். 190 வாட், விலையும் இவர் பட்ஜெட்டைத் தாண்டும். ஐ3 மாதிரி சின்ன பிராசஸரோடு போட்டால் அதன் முழு வேகமும் வெளியே வராது.

வெண்ணாற்றங்கரை | பிப்ரவரி 10

டவர் அண்ணே, ரொம்ப நன்றி. ஸ்டிக்கர் விஷயம் எந்த வீடியோவிலும் யாரும் சொல்லவில்லை. கடையில் காட்டிய எஸ்எம்பிஎஸ்ஸை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், இப்போது பெரிதாக்கிப் பார்த்தால் 200-240 என்றுதான் இருக்கிறது.

ஒரு சந்தேகம். என் நண்பன் வேறு வழி சொல்கிறான். இப்போதைக்கு 5600ஜி போட்டுக் கார்டே இல்லாமல் கட்டிவிடு, வாலரண்ட் அதிலேயே ஓடும், குறுவை அறுத்ததும் பெரிய கார்டாகப் போட்டுக்கொள்ளலாம் என்கிறான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போன வருடம் மேட்டூரை ஜூன் 12-இல் திறக்காமல் ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள், எங்களுக்குக் குறுவையே இல்லை. இந்த வருடம் எப்படி என்று யார் கண்டது?

கும்மோணம் டவர் | பிப்ரவரி 10

உன் நண்பன் சொல்வதில் தப்பில்லை தம்பி, டவுனில் சம்பளக்காரர் வீட்டுப் பையனுக்கு நானே அப்படித்தான் கட்டித் தருவேன். அப்படிக் கட்டினால் 8 ஜிபி ரேம் இரண்டாகப் போட வேண்டும், 16 ஒற்றைக் குச்சியாகப் போட்டால் உள் கிராஃபிக்ஸ் நொண்டும். ஆனால் அப்பா இப்போது தருகிறேன் என்கிறார். ஆற்றுத் தண்ணீரை நம்பிக் கார்டைத் தள்ளிப் போடாதே. தவிர 5600ஜி-யின் கேஷ் மெமரி (பிராசஸருக்குள் இருக்கும் வேக மெமரி) சாதா 5600-இல் பாதிதான், பின்னால் பெரிய கார்டு போட்டால் அது இடிக்கும்.

உப்பளத்தான் | வேதாரண்யம் | பிப்ரவரி 11

நம் டெல்டா பையன் என்பதால் சொல்கிறேன். எர்த் பாருங்கள். நம் பக்கம் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை ப்ளக் இருக்கும், மேல் ஓட்டையில் ஒயரே போயிருக்காது. கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கிறதா? அப்படியானால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் குழி போட்டுவிட்டுத்தான் கார்டை மாட்ட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பவர் கேபிளை மட்டும் பிடுங்கினால் போதாது, பிராட்பேண்ட் கேபிளையும் பிடுங்குங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும். எனக்குத் தெரிந்த வீட்டில் லேன் போர்ட்டில் ஆரம்பித்து மதர்போர்டு மொத்தமும் போனது.

எங்களுக்கு உப்புக்காற்று வேறு. 2018 நவம்பர் கஜா அப்புறம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் மூடியே கிடந்த பெட்டியைத் திறந்தால் கார்டின் பின் தகட்டில் பச்சை பூத்திருந்தது. உங்களுக்கு உப்பு வராது, அறுவடைத் தூசி வரும். மிஷின் வயலில் இறங்குகிற வாரத்தில் பெட்டி மேல் ஒரு துணி போட்டு அணைத்தே வைத்துவிடுங்கள். புளோயரால் ஊதும்போது கார்டு ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

கூத்தாநல்லூர் டு தேரா | துபாய் | பிப்ரவரி 11

சித்தப்பாவிடம் கேட்கும் முன் ஒன்று. இங்கே வரி 5 சதவீதம், ஊரில் ஜிஎஸ்டி 18, அதனால் சில நேரம் விலை குறைவாகத் தெரியும். ஆனால் வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு சரி. ஊரில் கார்டு படுத்தால் அதைத் திரும்ப இங்கே யாராவது தூக்கி வர வேண்டும், சித்தப்பாவோ இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார். 6600 மாதிரிச் சின்னக் கார்டுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. அவரிடம் நல்ல ஹெட்செட் கேளுங்கள்.

வெண்ணாற்றங்கரை | பிப்ரவரி 12

முடிவு செய்துவிட்டேன். 12100எஃப், 6600, 550 வாட் பிரான்ஸ் (மின் சிக்கனத் தரம்) எஸ்எம்பிஎஸ், 100-240 என்று போட்டதாகவே. 600 விஏ யுபிஎஸ். வெள்ளி இரவு மன்னை எக்ஸ்பிரஸ் பிடித்து எழும்பூரில் இறங்கி, சனிக்கிழமை ரிச்சி தெரு. அப்பாவும் வருகிறேன் என்கிறார், பணம் அவர் மடியில்தான் இருக்கும். எலக்ட்ரீசியன் நாளைக்கு எர்த் பார்க்க வருகிறார். சித்தப்பாவிடம் ஹெட்செட் சொல்லியாயிற்று.

கார்டு வாங்கும்போது கடையிலேயே என்ன பார்க்க வேண்டும்?

கும்மோணம் டவர் | பிப்ரவரி 12

ஞாயிறு பெரும்பாலான கடை பூட்டியிருக்கும், சனிக்கிழமை போவது நல்லது. ஜிஎஸ்டி பில் உன் பெயரில், கார்டின் சீரியல் நம்பர் பில்லிலேயே எழுதி இருக்க வேண்டும். பெட்டி மேல் உள்ள நம்பரும் கார்டின் முதுகில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று அங்கேயே பார். 6600 என்று கேட்டால் "6500 எக்ஸ்டி அதைவிடப் புதுசு தம்பி" என்று ஒருவராவது சொல்வார், சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போ. இரண்டு ஃபேன் மாடலே போதும், மூன்று ஃபேன் நீளம் உன் கேபினட்டில் இடிக்கலாம்.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் மானிட்டர் கேபிளைக் கார்டில் சொருகு, மதர்போர்டில் சொருகாதே. 12100எஃப்-இல் உள் கிராஃபிக்ஸ் கிடையாது, அங்கே சொருகினால் திரை கறுப்பாகவே இருக்கும். மாதத்துக்கு நாலு பேராவது இதற்காக எனக்கு போன் போடுகிறார்கள், அதுவும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல்.